மிரட்டல் வராத பள்ளி

ஏப்ரலில் நகரத்தின் பெரிய பள்ளிகள் நான்குக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. மோப்ப நாய் வந்தது. குண்டு கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு விடுமுறை, செய்தித்தாளில் படம்.

எஸ்றாவின் பள்ளிக்கு ஒன்றும் வரவில்லை.

அவர் அதன் தாளாளர். எல்.கே.ஜி.க்கு இருபது பிள்ளைகளாவது சேர வேண்டும். இல்லையென்றால் அந்த வகுப்பை மூட வேண்டியதுதான். சேர்ந்தது ஏழு.

மகளைச் சேர்க்க வந்த லோடு ஆட்டோக்காரர் மாரிக்கண்ணு விண்ணப்பத்தை வாங்காமல் நின்றார்.

"பெரிய பள்ளிக்கூடத்துக்கெல்லாம் வந்திருக்காமே சார். இங்க ஏன் வரல?"

"வராதது நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா குண்டு வைக்கவன்கூட இத ஒரு பள்ளிக்கூடமா நெனைக்கலயேன்னு வீட்ல கேக்காவ."

எஸ்றா காவல் நிலையத்துக்குப் போனார். நாயை ஒரு நடை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

"மிரட்டல் இல்லாம நாய் வராது, அண்ணாச்சி" என்றார் உதவி ஆய்வாளர்.

திரும்பி வந்து கணினியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தலைமை ஆசிரியை சாரம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பக்கமே பாக்காதீய சார். பிடிச்சு உள்ள வச்சிருவாவ."

"நான் பொய் எழுத மாட்டேன், டீச்சர்."

எழுதவில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி போட்டார்: 'முன்னெச்சரிக்கையாக இன்று பள்ளி இத்துடன் விடப்படுகிறது.' எதற்கு என்று சொல்லவில்லை.

பத்து நிமிடத்தில் வாசல் நிறைந்தது. ஒரு தாய் செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் எஸ்றா, "பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

சாரம்மாள் மாடியில் நின்று பார்த்தாள். எஸ்றா மேலே ஏறி வந்ததும் சொன்னாள்:

"நேத்துதான் ஒம்பதாம் வகுப்புல நடத்துனேன். பயங்கரவாதத்துக்குக் குண்டு முக்கியமில்ல, பாக்குத சனம்தான் முக்கியம்னு."

"இது பயங்கரவாதமா, டீச்சர்?"

"நான் பாடத்தச் சொன்னேன் சார்."

அந்த வாரமே பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். இருபதாவது, மாரிக்கண்ணுவின் மகள் பிரியதர்ஷினி.

ஜூனில் பள்ளி திறந்த அன்று அவள் வாசலைத் தாண்ட மறுத்தாள்.

"உள்ள குண்டு இருக்கு."

எஸ்றா அவள் முன் குனிந்தார். "குண்டும் இல்ல, மிரட்டலும் இல்ல தாயி. அன்னைக்கும் ஒண்ணுமே வரல."

மாரிக்கண்ணு அவரைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு மகளிடம் சொன்னார்: "சார் அப்படித்தாம்மா சொல்லுவாவ. வெளிய சொல்லக் கூடாதுன்னு போலீஸ் உத்தரவு."

அவள் அப்பாவின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்ற பிள்ளைகளும் ஒவ்வொன்றாக அழத் தொடங்கின.