யார் கட்டின வண்டி

வாகனப் பரிசோதனை நிலையத்துக் கொட்டகைக்குள் டெரெக் அந்தச் சின்னப் பச்சைக் காரை ஓட்டிக்கொண்டு நுழைந்தான். பின்னால் பழைய வேனில் வந்த அவன் மனைவி கிளெனிஸுக்கு அப்போதே வயிறு எரிந்துகொண்டிருந்தது. நாலு வருஷம் கேரேஜில் குனிந்து முதுகு ஒடிந்தது அவளுக்கு. பெட்டி பெட்டியாக வந்த உதிரிகளைச் சேர்த்து, ஒயர் இழுத்து, பிரேக் குழாய் வளைத்து அதை ஒரு காராக ஆக்கியவள் அவள். டெரெக் டீ போட்டுக் கொடுத்தான், இல்லை என்று சொல்லவில்லை. டார்ச்சும் பிடித்தான். ஆனால் இப்படி உதிரி வாங்கித் தாங்களே கார் கட்டுகிறவர்களின் கிட் கார் கிளப்பில் போய், "நான் கட்டின வண்டி" என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தவனும் அவன்தான். கேட்டால், "சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே" என்பான்.

இங்கே தேறினால்தான் வண்டியைப் பதிந்து நம்பர் வாங்க முடியும். பதிவு விண்ணப்பத்தில் கட்டியவர் பெயருக்கு ஒரு இடம் உண்டு. அதில் தன் பெயர்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். முதலில் தேறட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள்.

பரிசோதகர் ஹாலிவெல் அவசரமே தெரியாத மனிதர். கூர்மையாக ஏதாவது விரலில் படுகிறதா என்று வண்டி முழுக்கத் தடவினார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் பிளாஸ்டிக் தொப்பி, ஓரமெல்லாம் ரப்பர். இந்த ஒரு நாளுக்காக மாட்டுவதும், தேறிய பிறகு பிய்த்து எறிவதும் இங்கிலாந்தில் கிட் கார் கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். அவருக்கும் தெரியும். டெரெக் அவர் பின்னாலேயே நடந்து, "இதை நான் இப்படி மாட்டினேன், அதை நான் அப்படி வளைச்சேன்" என்று கதை அளந்துகொண்டு வந்தான். கிளெனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு ஹாலிவெல் வண்டியை முற்றத்தில் மெதுவாக ஓட்டி, ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தார். அது தானாக நேருக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. மறுபக்கமும் பார்த்தார். அசையாமல் கிடந்தது.

"இதுல தேறாது, சார்" என்றார்.

டெரெக் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது நான் இல்ல சார். ஸ்டியரிங் எல்லாம் இவ வேலை."

கிளெனிஸுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. நல்லதெல்லாம் அவனுடையது, கெட்டது மட்டும் அவளுடையதா? குனிந்து முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அமுங்கியது.

"டெரெக். இதுல காத்த எறக்கினது யாரு?"

"வழியில பெட்ரோல் பங்க்லதான்... ரொம்பக் குலுங்கிச்சு."

"இன்னைக்கு ஒரு நாள் கல்லு மாதிரி இருக்கணும், அப்பத்தான் ஸ்டியரிங் திரும்பும்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. ஆனா கிளப்புல நைஜல் வந்து, அவ்வளவு காத்து வேணாம்னு..."

"நைஜலா ராத்திரியும் பகலும் அடியில படுத்துக் கிடந்தான்? ஆயில் சொட்டினது அவன் மூஞ்சியிலயா? எல்லார் முன்னாடியும் என் தலையில கட்டறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

ஹாலிவெல் தொண்டையைச் செருமினார். "மத்தத நான் பாத்து முடிக்கிறதுக்குள்ள சரி பண்ணுங்க, மேடம். திரும்ப ஓட்டிப் பாக்கறேன். இல்லன்னா வேற தேதிதான்."

அவர் "மேடம்" என்றது அவள் காதில் விழுந்தது. வேனிலிருந்து கால் பம்பை எடுத்து வந்தாள்.

"நான் மிதிக்கட்டுமா?" என்றான் டெரெக்.

"தள்ளிப் போ."

இந்த முறை ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்டது. ஹாலிவெல் சான்றிதழை நீட்டினார். டெரெக் முந்திக்கொண்டு அதை வாங்கி, "நாலு வருஷ உழைப்பு, சார்!" என்றான். இவ்வளவுக்குப் பிறகும்! கிளெனிஸ் சான்றிதழை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, பச்சைக் காரில் ஏறி வீட்டுக்கு ஓட்டினாள். அவன் வேனில் வந்து சேர்ந்தான்.

வீட்டில் சமையலறை மேசைமேல் விண்ணப்பம் இருந்தது. பழக்க தோஷம், டெரெக் பேனாவை எடுத்தான். அவள் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டான். கட்டியவர் என்ற இடத்தில் கிளெனிஸ் தன் பெயரை எழுதினாள். உரிமையாளர் என்ற இடத்திலும் அதையே எழுதினாள்.

டெரெக்கின் முகம் தொங்கிப்போனது. "கிளப்புல நான் என்னன்னு சொல்றது?"

"உண்மையச் சொல்லு."

"உனக்கு இவ்வளவு கோபம் இருக்குன்னு எனக்குத் தெரியாது, கிளெனிஸ். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். நீதான் பேச்சுக்குன்னு சிரிச்சே."

டெரெக் எழுந்தான். கெட்டிலை அடுப்பில் வைத்தான், கோப்பைகளை எடுத்தான். முதுகைக் காட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டான். "ஞாயித்துக்கிழமை நான் ஓட்டலாமா?"

சரி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வந்து கேளு" என்றாள்.