நெஞ்சில் இறங்கிய பொடி

விடியுமுன்னே தீவன ஆலையின் கலவை இயந்திரம் உறுமத் தொடங்கிவிட்டது. அரைபடும் மக்காச்சோளத்தின் வெக்கையில், முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினாள் கலவைக்காரி. பக்கத்தில் அவள் நாத்தனார். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே உலை. இப்போது ஒரே இருமல்.

முன்பெல்லாம் கோழிகளின் எலும்பு உறுதிக்காகத் தீவனத்தில் பாஸ்பேட் உப்பை அள்ளிப் போடுவார்கள். அது விலை ஏறியதும் முதலாளி என்சைம் பொடியை இறக்கினார். தானியத்துக்குள் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை அது திறந்துவிடுமாம். கோழிகள் திடமாகத்தான் நின்றன. கொட்டுகிறவர்கள்தான் படுத்தார்கள். பையைப் பிரித்ததும் புகைபோல எழும்பி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும் பொடி அது.

அன்று பையைக் கவிழ்த்த நாத்தனார் சுவரைப் பிடித்தபடியே சரிந்தாள். உதடு நீலம் பாரித்தது.

"அண்ணி... காத்து..."

மடியில் கிடத்தி முதுகைத் தேய்த்தாள் கலவைக்காரி. வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. லாரி டிரைவர்தான் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

முதலாளி வந்தார்.

"கோழிக்கு ஒண்ணும் ஆகல, உங்களுக்கு மட்டும் எப்படி ஆகும்?"

"கோழி திங்குது முதலாளி, நாங்க மூச்சுல இழுக்கிறோம். தொட்டிக்கு மூடி போடுங்க, முகமூடி குடுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினோம்?" என்றாள் கலவைக்காரி.

"ஒத்துக்கலைன்னா நின்னுக்கோ. ஆளா கிடைக்காது?"

ஆள் கிடைக்கும் என்பது உண்மை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டியதும் உண்மை. ஆலையை ஒட்டிய முதலாளியின் கொட்டகையிலிருந்து பசித்த கோழிகளின் கூச்சல் வேறு. அந்த வாயில்லா ஜீவன்கள் என்ன பாவம் செய்தன?

"அரைச்ச தீவனம் கிடக்குதே, அதைக் கொண்டுபோய்ப் போடுவோம்" என்றார் உடன் வேலை செய்யும் மூட்டை தூக்குகிறவர். "ஆனா புதுப் பையை யாரும் பிரிக்க வேணாம்."

"பிரிக்காம?" முதலாளி எகிறினார்.

"மூடி வர்ற வரைக்கும் பிரிக்க மாட்டோம்." கலவைக்காரி மூக்கில் கட்டியிருந்த முந்தானையை அவிழ்த்துவிட்டுச் சொன்னாள்.

யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். கோழிகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு எல்லோரும் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் இல்லை. உச்சி வெயிலில் முதலாளி வரவழைத்த புது ஆட்களோடு வேன் வந்து நின்றது. அவ்வளவுதான், பிழைப்பு போயிற்று என்று தலையைக் கவிழ்த்துக்கொண்டாள் கலவைக்காரி.

இறங்கியவர்கள் தயங்கினார்கள். ஒருத்தி மட்டும் கிட்டே வந்தாள்.

"யாருக்கோ மூச்சு முட்டிப்போச்சாமே, இப்ப எப்படி இருக்காங்க?"

"தெரியலம்மா" என்றாள் கலவைக்காரி. அதற்குள் கண் நிறைந்துவிட்டது.

வந்தவள் ஒருமுறை ஆலையைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, அவள் தோளை ஒட்டி உட்கார்ந்தாள்.