கணக்கு வாத்தியாரின் முட்டிவலி

மனைவி ஆடக் கூப்பிடும்போதெல்லாம் முட்டிவலி என்று தட்டிக்கழிப்பது கணக்கு வாத்தியாரின் வழக்கம். சுற்றுலா வந்த இடத்திலும் அதே பல்லவிதான். பாவம், அவள் தைலம் வாங்கக் கடைக்குப் போனாள்.

விடுதிக் கூடத்தில் பாட்டுக்குப் பாட்டு ஜோடி மாற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஓர் அம்மாள் கை நீட்டியதும் வாத்தியாருக்கு முட்டி இருப்பதே மறந்துபோனது. நாலாவது பாட்டில் பம்பரமாய்ச் சுழன்றவர் வாசலைப் பார்த்தார். தைலப் புட்டியோடு மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ!

கூனிக்குறுகிப்போனவர், வேறு வழி தெரியாமல், இடது காலை நொண்டிக்கொண்டே அவளிடம் வந்தார்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"நொண்டுற கால் தப்புங்க. இருபது வருஷமா நான் தைலம் தேய்ச்சுவிட்டது வலது காலுக்கு."