காரணம் என்கிற கட்டம்

சுலோசனா தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தது 1976இல். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. லாஸ்பேட்டை பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் வகுப்பில் தேறியிருந்தாள். டிராக்டர் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது, ஆனால் மெஷின்கள் பக்கம் விடவில்லை. மேனேஜர் தெய்வசிகாமணி முதல் நாளே சொல்லிவிட்டார்.

"கிரீஸும் புகையுமா இருக்கும்மா. நீ இன்ஸ்பெக்‌ஷன் மேசையில உக்காந்து அளவு பாரு. அது போதும்."

அளவு பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆறே மாதத்தில் பெயர் வாங்கினாள். டிராக்டரோடு கலப்பையைப் பிணைக்கும் 'பின்'தான் அங்கே முக்கியமான சரக்கு. ஒரு சாண் நீள இரும்பு உருளை. அதன் முனையில் குறுக்கே ஒரு துளை போட வேண்டும். துளை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பூட்டுக் கம்பி நுழையாது, அந்தப் பின் குப்பைக்குத்தான். அப்படிக் கழிந்தவற்றுக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் நாளுக்கு ஒரு சீட்டு எழுதுவாள். தேதி, ஆபரேட்டர் பெயர், கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதுவது அங்கே வழக்கம். அவளுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். அவளும் எழுதினாள்.

1979 ஜூலையில் ஒரு நாள், மூன்றாம் நம்பர் டிரில்லிங் மெஷின் ஆபரேட்டர் பாவா அவள் மேசைக்கு வந்து ஒரு காகிதத்தை வைத்தார். கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவர், நாற்பது வயது இருக்கும். அதிர்ந்து பேசாத மனுஷன்.

"படிச்சுப் பாரும்மா."

மெமோ. மூன்று மாதத்தில் அவர் மெஷினில் மட்டும் நூற்றுக்குப் பதினொரு பின் வீணாகியிருக்கிறது. வேலை நீக்கம் ஏன் செய்யக்கூடாது என்று ஒரு மாதத்துக்குள் விளக்கம் தர வேண்டும். ஆதாரமாக அறுபத்தெட்டு இன்ஸ்பெக்‌ஷன் சீட்டுகளின் நம்பர் போட்டிருந்தது.

"அந்தச் சீட்டெல்லாம் நீ எழுதினதுதானே?"

"ஆமா பாய்."

"நான் கவனம் இல்லாம வேலை செஞ்சத நீ எப்பம்மா பாத்த?"

அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் மெஷின் பக்கம் அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை.

அன்று சாயங்காலம் கருவடிக்குப்பம் வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து அப்பா ஆதிமூலம் விஷயத்தைக் கேட்டார். முப்பது வருஷம் மில்லில் நூற்புப் பகுதியில் நின்றவர். முழுசாகக் கேட்டுவிட்டு, "எழுதினது யாரு?" என்றார்.

"நான்தாம்பா."

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் அவள் நேராக மூன்றாம் நம்பர் மெஷினுக்குப் போனாள். எட்டு காலித் தட்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் மணி எழுதினாள்.

"பாய், எட்டு மணியிலேந்து ஒன்பது வரைக்கும் போடற பின்ன இதுல போடுங்க. ஒன்பதுக்கு மேல அடுத்த தட்டு. அப்படியே சாயங்காலம் வரைக்கும்."

"எதுக்கும்மா?"

"எனக்கே தெரியல. பாக்கலாம்."

ஒரு வாரம் பார்த்தாள். காலைத் தட்டுகளில் எல்லாம் பிசிறில்லாத பின்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து, இரண்டு மணித் தட்டிலும் மூன்று மணித் தட்டிலும்தான் கழிவு குவிந்தது. நாலு மணிக்கு மேல் மறுபடியும் சுத்தம். தாளில் கட்டம் போட்டு எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

தெய்வசிகாமணி பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுல இன்னாம்மா கண்டுபிடிப்பு? சாப்டுட்டு வந்து தூங்கி வழியறான். என் பேச்சுக்கு நீயே சாட்சி கொண்டாந்துட்ட."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தத் தாள் பாவாவுக்கு எதிராகத்தான் இருந்தது. ஆனால் தட்டு வைப்பதை அவள் நிறுத்தவில்லை. மாதக் கடைசியில் ரம்ஜான் நோன்பு தொடங்கியது. பாவா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொழுதுவிட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் இரண்டு மணித் தட்டில் அதே கழிவு.

மறுபடியும் மேனேஜரிடம் போனாள். "சார், நோன்பு இருக்கறவரு சாப்டுட்டு எப்படி சார் தூங்குவாரு?"

"அப்ப பசி மயக்கம்," என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"சரி சார். மூணு நாளைக்கு ஆள மாத்திக் குடுங்க. அரிகிருஷ்ணன் மூணாம் நம்பர்ல நிக்கட்டும். பாய் ஒண்ணாம் நம்பருக்குப் போகட்டும்."

அரிகிருஷ்ணன் கம்பெனியிலேயே நல்ல கை என்று பேர் எடுத்தவன். மேனேஜர் ஒப்புக்கொண்டார். முதல் நாள் மத்தியானம் அரிகிருஷ்ணன் தட்டில் எட்டு பின் வீண். அவனுக்கு மானம் போய்விட்டது. "இந்த மெஷினுக்கு இன்னாமோ புடிச்சிருக்குங்க," என்று எண்ணெய்க் கையோடு வந்து நின்றான். ஒன்றாம் நம்பரில் பாவா போட்ட நூற்றுச் சொச்சம் பின்னில் ஒன்றுகூடக் கழியவில்லை.

ஆளிடம் தப்பு இல்லை என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் மெஷினிலும் தப்பு தெரியவில்லை. மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று போய்விட்டான். நான்காம் நாள் பாவா திரும்பி வந்ததும் சுலோசனா இரண்டு மணிக்கு அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

"பாய், நாலு வருஷமா இந்த மெஷின்ல நிக்கறீங்க. மத்தியானத்துல எதாவது வித்தியாசமா தெரியுதா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

பாவா கொஞ்சம் யோசித்தார். "சத்தம் மாறும்மா. காலையில கிளாம்ப் புடிக்கும்போது 'டக்'குன்னு கேக்கும். மத்தியானம் 'புஸ்'ஸுன்னு மெத்துனு புடிக்கும். போன வருஷமே ஃபோர்மேன் கிட்ட சொன்னேன். காதுல பூச்சி பூந்துச்சான்னு கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் சொல்றத விட்டுட்டேன்."

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். துளை போடும்போது பின்னை அசையாமல் பிடித்திருப்பது காற்றழுத்தத்தால் இறுகும் கிளாம்ப். காற்று கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாக வருகிறது. அந்தக் குழாயோடு அவள் கண் நடந்தது. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், கடைசியில் மூன்றாம் நம்பர். அங்கிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த ஷெட்டுக்குப் போனது. அடுத்த ஷெட் பெயிண்ட் பகுதி.

ஓடினாள். உள்ளே பெயிண்டர் அம்மாவாசை மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு கலப்பைச் சட்டங்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எப்பல்லாம் ஸ்பிரே அடிப்பீங்க?"

"காலையில துரு சொரண்டறது, தொடைக்கறது. ரெண்டு மணிக்குதாம்மா ஸ்பிரே கன்ன எடுப்பேன். நாலு மணிக்கெல்லாம் முடிச்சிடுவேன். ஏன், வாசனை அங்க அடிக்குதா?"

சுலோசனா சிரித்தாள். அழுகையும் சேர்ந்து வந்தது.

கம்ப்ரஸரில் இருந்த மீட்டர் எப்போதும் ஆறு கிலோ அழுத்தம் காட்டும், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். மெஷினுக்கு வந்து சேருவது எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. பெயிண்ட் கன் அதே குழாயிலிருந்து காற்றை இழுத்தால், கம்ப்ரஸருக்குத் தொலைவில் கடைசியாக இருக்கும் மூன்றாம் நம்பருக்குத்தான் குறையும் என்று கணக்குப் போட்டாள். ஸ்டோரில் ஒரு பழைய மீட்டரைக் கேட்டு வாங்கி, மூன்றாம் நம்பர் கிளாம்புக்குப் பக்கத்தில் அவளே ஸ்பேனர் பிடித்து மாட்டினாள். மறுநாள் இரண்டு மணிக்கு மேனேஜரைக் கூப்பிட்டு வந்து நிறுத்தினாள். முள் ஆறில் நின்றது. அம்மாவாசை அடுத்த ஷெட்டில் கன்னை அழுத்தினார். முள் ஐந்துக்கு வந்தது, நாலுக்கு வந்தது, மூன்றரையில் நின்று நடுங்கியது.

"இப்ப ஒண்ணு போடுங்க பாய்."

பாவா போட்டார். டிரில் இறங்கியதும் பின் ஒரு மயிரிழை உருண்டதை மேனேஜர் தன் கண்ணால் பார்த்தார்.

தெய்வசிகாமணி குனிந்து மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு பாவாவைப் பார்த்து, "என்னப்பா, இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.

"சொன்னேன் சார்," என்றார் பாவா.

மூன்றாம் நம்பருக்கென்று தனியாக ஒரு சின்னக் காற்றுத் தொட்டி வைக்கலாம் என்று சுலோசனா படம் போட்டுக் கொடுத்தாள். காற்று அதற்குள் போகலாம், பெயிண்ட் பக்கம் திரும்பிப் போகாது. அப்படி ஒரு வால்வு. பெயிண்ட் கன் எவ்வளவு இழுத்தாலும் கிளாம்பின் பிடி தளராது. மீட்டரும் ஆபரேட்டர் கண்ணெதிரிலேயே இருக்கும். முள் ஐந்துக்குக் கீழே போனால் மெஷினை நிறுத்திவிடலாம். தொட்டி மாட்டிய முதல் வாரம் பாவாவின் மெஷினில் ஆயிரத்து இருநூறு பின். வீணானது இரண்டு.

மெமோ வாபஸ் ஆனது. சுலோசனா அதோடு விடவில்லை. பழைய சீட்டுக் கட்டை எடுத்து, அறுபத்தெட்டிலும் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்பதைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்து, மேலே 'காற்றழுத்தக் குறைவு' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

"பழைய ரெக்கார்டுல கை வெக்கக் கூடாதும்மா," என்றார் மேனேஜர்.

"மறைக்கல சார். நான் தப்பா எழுதினதும் தெரியணும், திருத்தினதும் தெரியணும்."

அவர் கட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் அவளை இன்ஸ்பெக்‌ஷன் மேசையிலிருந்து எடுத்து மெஷின் ஷாப்பில் போட்டார்.

அதற்குப் பின் ஏழு வருஷம் அவள் அந்த ஷெட்டை அடி அடியாகத் திருத்தினாள். பிரஸ் மெஷினில் அச்சு மாற்ற இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அதில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஸ்பேனரையும் போல்ட்டையும் தேடுவதில் போகிறது என்று பக்கத்தில் நின்று குறித்துக் காட்டினாள். அரிகிருஷ்ணனும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு தள்ளுவண்டி செய்தார்கள். வேண்டிய சாமான் எல்லாம் அதில் முன்கூட்டியே ஏறிவிடும். அச்சு மாற்றும் நேரம் முப்பத்தைந்து நிமிஷமாகக் குறைந்தது. எந்த வேலையையும் தொடுவதற்கு முன் அந்த மெஷினில் நிற்கிறவரைப் போய்க் கேட்பது அவள் வழக்கமாகிவிட்டது.

1986இல் மேட்டுப்பாளையத்தில் புதிதாக வந்த ஒரு பெரிய கம்பெனி புரொடக்‌ஷன் இஞ்சினியர் வேலைக்கு ஆள் எடுத்தது. பட்டம் படித்தவர்கள் பதினாறு பேர் வந்திருந்தார்கள். டிப்ளமாக்காரி அவள் ஒருத்திதான். இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த வெள்ளைத் தலைக்காரர், ஷெட்டில் மிச்சப்படுத்திய கணக்கு எழுதி அவள் கொடுத்த தாள்களைப் புரட்டினார்.

"இவ்வளவு மிச்சம் பண்ணியிருக்கீங்க. எத்தனை ஆளைக் குறைச்சீங்க?"

"ஒருத்தரையும் இல்ல சார். ஒருத்தரு வேலை போக இருந்துது. அது போகல."

"செஞ்சதெல்லாம் சொல்லிட்டீங்க. நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?"

அவள் யோசிக்கவில்லை. அறுபத்தெட்டு சீட்டு எழுதிய கதையைச் சொன்னாள். பாவா கேட்ட கேள்வியை அவர் கேட்ட மாதிரியே சொன்னாள். சொல்லி முடித்தபோது மூன்று பேரும் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள்.

பத்து நாளில் ஆர்டர் வந்தது. பழைய கம்பெனியில் கடைசி நாள் சாயங்காலம் ஷெட்டிலேயே எல்லாரும் கூடினார்கள். தெய்வசிகாமணி மாலை போட்டுவிட்டு, "இந்தப் பொண்ண மூணு வருஷம் மேசையில உக்கார வெச்சேன். அந்த மூணு வருஷம் நமக்குத்தான் நட்டம்," என்றார். பாவாவைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்று, "எங்க இஞ்சினியரம்மா," என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

புதுக் கம்பெனியில் முதல் நாள் வாட்ச்மேன் அவளை நிறுத்தி நோட்டை நீட்டினார்.

"டைப்பிஸ்ட்டுங்களா நீங்க? அவங்களுக்கு அந்தப் பக்கம் வாசல்."

"இல்லிங்க. புரொடக்‌ஷன் இஞ்சினியர்."

அவர் ஒரு நிமிஷம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெரிய கேட்டின் தாழ்ப்பாளை எடுத்து இரண்டு கதவையும் விரியத் திறந்தார். உள்ளே ஐம்பது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுலோசனா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முதல் மெஷினை நோக்கி நடந்தாள்.