பட்டறைச் சாவி

மகள் மூன்றாவது முறையாக அப்பாவின் சட்டைப் பையைத் துழாவினாள். மூக்குக் கண்ணாடி, பென்சில், கொஞ்சம் மரத்தூள். சாவி இல்லை.

கட்டிலில் கிடந்த அப்பாவுக்கு வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு வரவில்லை. ஆம்புலன்ஸ் ஆபீஸ்காரி போனில் இரண்டாம் தடவையும் அதையே சொன்னாள்.

"ரோட்டுல மரம் கிடக்குதாமே மேடம். அதை எடுங்க, வண்டி அனுப்புறோம். போன தடவை உங்க ஊர்ல வண்டிக் கண்ணாடியை உடைச்சாங்க. ரோடு திறக்காம டிரைவர் வரமாட்டார்."

"உயிர் போகுதுங்க!"

"புரியுது மேடம். ரூல்ஸ்."

மரத்தைச் சாய்த்தவரே அப்பாதான். ஊர் ஆஸ்பத்திரியைப் பூட்டி ஆறு வருஷம். மூன்று மனு, இரண்டு தேர்தல், இரண்டு வாக்குறுதி. கடைசியில் பிரசவ அறையில் ஆடு குட்டி போட்டது. இந்தத் தடவை ஓட்டே கிடையாது, பெட்டியே ஊருக்குள் வரக்கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தது. மரம் அறுக்கும் பட்டறை வைத்திருந்த அப்பா இடம் பார்த்துச் சாய்த்தார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். தொழிலில் அவரைக் குறை சொல்லவே முடியாது. இழுத்துப் பார்த்த டிராக்டரின் சங்கிலி அறுந்ததுதான் மிச்சம். தூக்கிக்கொண்டு தாண்டினாலும் அந்தப் பக்கம் ஏற்றிப்போக வண்டி இல்லை. இருந்த வண்டியெல்லாம் மரத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

யாராவது மனம் மாறி மரத்தை அறுத்துவிட்டால்? ஊரில் இருந்த ரம்பம், கோடாரி, கடப்பாரை எல்லாவற்றையும் பட்டறைக்குள் போட்டுப் பூட்டினார்கள். சாவி எங்கே என்பது அப்பா ஒருவருக்குத்தான் தெரியவேண்டும் என்பதும் ஊர் முடிவு. ஒருவரையொருவர் அவ்வளவு நம்பினார்கள்.

சித்தப்பா வியர்த்து ஓடிவந்தார். "இரும்புக் கதவும்மா, கல்லால அடிச்சா அசைய மாட்டேங்குது. கடப்பாரையும் உள்ளதான் கிடக்குது. புத்திசாலிங்க நாங்க!" திரும்பவும் ஓடினார்.

அவள் காலையில்தான் வந்திருந்தாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஓட்டுப்பதிவு அன்றைக்கு ஊரில் இருக்கவேண்டும் என்று அப்பா கூப்பிட்டிருந்தார். விரலில் மை இருந்தால்தான் ஆபீஸில் லீவு. அதனால் ஏழு மணிக்கே நகரத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு, மையின்மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நாலு மைல் நடந்து, மரத்தில் ஏறிக் குதித்து வந்தவளை அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"விரல்ல என்னம்மா?"

"கதவுல நசுங்கிடுச்சுப்பா."

"நகரத்துக் கதவாச்சே, நசுக்காம விடுமா?" சிரித்தபடி அவள் தோள்பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். என்றைக்கும் இல்லாத மரியாதை. அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மதியம் கை கழுவப் போனவர் விழுந்தார். போனை எடுக்க ஓடியபோது ஆணியிலிருந்து கழற்றித் தோளில் போட்ட பை இன்னும் அவள் தோளிலேயே தொங்கியது.

"அப்பா, சாவி எங்கப்பா? கண்ணைக் காட்டுங்க, போதும்."

அப்பா இடக்கையைத் தூக்கினார். விரல் அவளையே காட்டியது. பையின் வாரைப் பிடித்திருந்த கையில் பிளாஸ்டர் பளிச்சென்று தெரிந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அப்பாவின் விரல் இறங்கவில்லை.

பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்தாள்.

"ஆமாப்பா, போட்டுட்டுத்தான் வந்தேன். இல்லன்னா லீவு கிடையாதுன்னாங்க. மன்னிச்சிடுங்க. இப்ப சாவியைக் காட்டுங்கப்பா."

அப்பா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். மன்னிக்கமாட்டேன் என்கிறார் என்று நினைத்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"சாகுற நேரத்துல என்னப்பா வீம்பு? கோபத்தை அப்புறம் வெச்சுக்கங்க!"

அந்த விரல் இன்னொரு முறை உயர்ந்து, பாதியிலேயே விழுந்தது.

அப்பா மூன்றரைக்குப் போனார். நாலு மணிக்குப் பட்டறைக் கதவு பெயர்ந்தது.

வெளியூர்ச் சொந்தம் முகம் பார்க்க வரவேண்டுமே என்று ஆண்கள் மரத்தை அறுக்கப் போனார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டு டிவியில், எங்கும் ஓட்டுப்பதிவு அமைதியாக முடிந்தது என்றார்கள். இந்த ஊர் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூக்கைத் துடைக்கக் கர்ச்சீப் தேடிப் பைக்குள் கையை விட்டாள். ஆபீஸ் அடையாள அட்டைக்கு அடியில் இரும்பு சில்லென்று தட்டுப்பட்டது. விரல் நீளச் சாவி. அதன் பல்லிடுக்கில் மரத்தூள்.

நகரத்துக்காரியின் பையில் இருக்கும் என்று ஊரில் யாருக்குத் தோன்றும்?

"என்னம்மா தேடுற?" வாசலிலிருந்து சித்தப்பா கேட்டார்.

"கர்ச்சீப், சித்தப்பா."

ஊர்க்கோடியில் ரம்பம் மரத்துக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் ஜிப்பை இழுத்து மூடி, பையை அப்பா மாட்டிய அதே ஆணியில் மாட்டினாள்.