ஒரு பெட்ஷீட்டின் நான்கு நாள்

அந்த ஆஸ்பத்திரியில் அழுக்கு பெட்ஷீட் ஒன்று வார்டை விட்டுக் கிளம்பினால், வெளுத்துத் திரும்பி வர நான்கு நாள் ஆனது. வெளியூர் போன மனுஷன்கூட அதற்குள் வந்துவிடுவான் என்று நர்ஸுகள் அலுத்துக்கொண்டார்கள். புதிதாக வந்திருந்த மேனேஜர் ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸ் கிளார்க்கைக் கூப்பிட்டு, அவள் கையில் ஒரு ஸ்டாப்வாட்சையும் சுருட்டிய பழுப்புத் தாளையும் கொடுத்தார்.

"ஒரு பெட்ஷீட் பின்னாடியே போங்க. எங்க எவ்வளவு நேரம் நிக்குது, எவ்வளவு தூரம் போகுது, எதெல்லாம் வீண் வேலை, எல்லாத்தையும் படமா வரைஞ்சிடுங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங்."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தவள் சலவைக்கூடத்தின் பக்கம் போகாமல் வராந்தாவிலேயே நின்றாள். மேனேஜரைத் தவிர ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. சலவைக்கூடத்துக்குப் பொறுப்பு அவளைப் பெற்ற அம்மா. வெளுத்த துணியை வாங்கி அடுக்கி வார்டுக்கு அனுப்பும் ஸ்டோருக்குப் பொறுப்பு அவளுடைய மாமனார். சம்பந்திகள் இருவரும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

சண்டை பெரிய விஷயத்துக்கு ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் மாமனார் அம்மா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வந்த இடத்தில் சும்மா இருக்காமல், திறந்திருந்த அலமாரியை எட்டிப் பார்த்தார்.

"என்ன சம்பந்தியம்மா, பெட்ஷீட்டை மூணா மடிச்சு வெச்சிருக்கீங்க? நாலா மடிச்சாதானே சரியாம நிக்கும்?"

"முப்பது வருஷமா மூணாதான் மடிக்கிறேன்," என்றாள் அம்மா. "இதுவரைக்கும் எந்த பெட்ஷீட்டும் கீழ விழுந்து கால் ஒடிஞ்சுக்கல."

சாப்பாடு பாதியில் நின்றது. மறுநாள் ஆஸ்பத்திரியில் பேச்சும் நின்றது.

கிளார்க் மூன்றாவது வார்டிலிருந்து ஒரு பெட்ஷீட்டை எடுத்து, ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு, அதன் பின்னாலேயே நடந்தாள். சலவைக்கூடத்தில் நுழைந்ததுமே அம்மா முறைத்தாள்.

"என்னடி, வாட்ச்சை வெச்சுக்கிட்டு என்னையே சுத்திச் சுத்தி வர்றே?"

"உன்னை இல்லம்மா. பெட்ஷீட்டை."

"பெட்ஷீட்டுக்குக் கை காலா இருக்கு, தானா துவைச்சுக்க?"

அம்மாவின் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. துவைக்க நாற்பது நிமிடம், உலர்த்த முப்பத்தைந்து, இஸ்திரிக்கு இரண்டு. மூன்றாக மடிக்க இருபதே வினாடி. அதற்குப் பிறகுதான் பெட்ஷீட் உட்கார்ந்துகொண்டது.

சலவைக்கூடத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதில் துணியைக் கொடுத்து வாங்குவதற்கென்றே ஒரு ஜன்னல். இந்தப் பக்கம் அம்மா அதை மறைத்து ஒரு இரும்பு பீரோவை நிறுத்தியிருந்தாள். அந்தப் பக்கம் மாமனார் தாழ்ப்பாள் போட்டு, போதாததற்கு ஒரு காலண்டரையும் மாட்டியிருந்தார். அதனால் துணி வண்டி பின்வாசல் வழியாக வெளியே போய், ஜெனரேட்டர் அறையைச் சுற்றி, ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி, முன்வாசல் வழியாக உள்ளே வந்தது. கிளார்க் நடந்தபடியே எட்டுகளை எண்ணிப் பார்த்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு. ஜன்னல் திறந்திருந்தால் நாலு எட்டு. அத்தனை தூரம் அரை வண்டியைத் தள்ள யாருக்குப் பைத்தியம்? நிறையட்டும், நிறையட்டும் என்று வண்டி ஒன்றரை நாள் அசையாமல் நின்றது.

ஸ்டோரில் மாமனார் மருமகளை அன்பாகத்தான் வரவேற்றார். நாற்காலி போட்டார். பிறகு சிவப்புத் தையல் போட்ட பெட்ஷீட்டை எடுத்து உதறிப் பிரித்து, நான்காக மடித்தார்.

"எல்லாத்தையும் இப்படிப் பிரிச்சு மடிப்பீங்களா மாமா?"

"வேற வழி? வர்றது அந்த லட்சணத்துல வருதே." மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டுக்கொண்டே, "இதையும் எழுதிக்கோம்மா, எனக்கு எவ்வளவு வேலைன்னு தெரியட்டும்," என்றார்.

அவருக்குப் பின்னால் பிரித்து மடிக்கப்பட வேண்டிய துணி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதில் இன்னொரு ஒன்றரை நாள் போயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில் தாளை விரித்து வைத்துக்கொண்டு கையைப் பிசைந்தாள். கணவன் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். மாமனார் அடுத்த அறையில் இருந்தார்.

"எங்கப்பா பேரை எழுதினா நமக்கு இந்த வீட்டுல இடமில்ல. உங்கம்மா பேரை எழுதினா அந்த வீட்டுலயும் இடமில்ல. பாத்து எழுது."

அவள் யார் பேரையும் எழுதவில்லை. நின்ற நேரத்தையும் நின்ற இடத்தையும் மட்டும் எழுதினாள். மீட்டிங்கில் தாளைச் சுவரில் ஒட்டினார்கள். மொத்தம் நான்கு நாள், அதில் உண்மையான வேலை எண்பது நிமிடம்கூட இல்லை. மேனேஜர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"இந்த ஜன்னலை ஏன் மூடி வெச்சிருக்காங்க?"

அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். மாமனார் தன் செருப்பைப் பார்த்தார். கிளார்க் ஸ்டாப்வாட்சை எடுத்துக் காட்டினாள்.

"நான் நேரத்தை மட்டும்தான் அளந்தேன் சார்," என்றாள்.

"சரி. ஒரு தடவை மடிக்கிறாங்க, அப்புறம் பிரிச்சு மறுபடி மடிக்கிறாங்க. வார்டுக்கு எப்படி மடிச்சா வசதி?"

ஹெட் நர்ஸ் பாவம், மடிப்புச் சண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். "எங்களுக்கு எப்படியிருந்தா என்ன சார்? எங்க அலமாரி ரொம்பக் குறுகல். வந்ததும் பிரிச்சு, சுருட்டித்தான் சொருகுறோம்."

அம்மா மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினாள்.

"சுருட்டியா?" என்றாள் அம்மா.

"இஸ்திரி போட்டதையா?" என்றார் மாமனார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தலையை அந்தப் பக்கம் திருப்பினார். "கேட்டீங்களா சம்பந்தியம்மா? கரித்துணி மாதிரி சுருட்டிச் சொருகுறாங்களாம்."

"என் காதுலயும் விழுந்துது. இவங்களுக்காக நாம ரெண்டு பேரும் மாஞ்சு மாஞ்சு மடிச்சோம் பாருங்க."

மேனேஜர் இரக்கமே காட்டவில்லை. இனி சலவைக்கூடத்திலேயே சுருட்டிக் கொடுப்பது, ஜன்னல் வழியாகவே கொடுப்பது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை பீரோவை நகர்த்தினார்கள். அம்மா கஷாயம் குடித்த முகத்தோடு சுருட்டினாள். மாமனார் அதே முகத்தோடு வாங்கி அடுக்கினார். ஒரே நாளில் பெட்ஷீட்டுகள் வார்டுக்குத் திரும்பின.

ஒரு மாதம் கழித்துக் கிளார்க் மறுபடி அளந்து கொடுத்தாள். மேனேஜர் ஒரே ஒரு எண்ணின் மேல் விரலை வைத்தார். "ஜன்னல்ல துணி கை மாற அரை நிமிஷம் போதுமே. இங்க ஏன் பதினோரு நிமிஷம்?"

"அது நர்ஸுங்களைத் திட்டற நேரம் சார். குறைக்கணும்னா நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

மேனேஜர் போனார். ஜன்னலின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு தலைகள் ஒரே சமயத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தன. என்ன விஷயம் என்று அம்மா கேட்டாள். உட்காருங்கள் என்றார் மாமனார். மேனேஜர் வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று பொதுவாக விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பதினோரு நிமிஷம் இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.