விரல் மட்டும் வாசித்த மாதங்கள்

பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் அன்று மூன்று பேர். ஜன்னலோரம் அவருடைய மனைவி, மடியில் கைப்பை. ஒரு நாற்காலி தள்ளிச் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், ஹெல்மெட்டைத் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு. உள்ளறைக் கதவுக்கு நேரே, கூப்பிட்டதும் எழத் தோதாக, தீயணைப்புப் படையின் பேண்டு குழுவில் முதல் டிரம்பெட் வாசிக்கும் அவர். சகலை அதே குழுவில் இரண்டாம் டிரம்பெட்.

“சகல, கல்லெடுக்கணும்னு சொன்னா ஒத்துக்காதீங்க. எனக்கு எடுத்த மறுநாளே பல்லெல்லாம் ஆடுச்சு. அந்தக் கல்லுதான் பல்லையே பிடிச்சு வச்சிருக்கு” என்றார் சகலை.

“ஆறு வருஷமா இதையேதான் பேசறீங்க. ரெண்டு பேரும் கமிட்டி போட்டுப் பல்லைக் காப்பாத்தறீங்க” என்றாள் மனைவி.

உள்ளே டாக்டரம்மா, கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இறக்கி ஆழம் பார்த்துச் சொல்லச் சொல்ல, நர்ஸ் குறித்துக்கொண்டாள். மூணு, மூணு, நாலு. மேல்வரிசை முன்பற்களுக்கு வந்ததும் ஆறு, ஏழு.

“ஏழுன்னா நல்லதா டாக்டர்?”

“பரீட்சை மார்க் இல்ல சார். ஈறு ஆழம் மூணு மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது.”

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொத்தைப் பல் ஒன்றுகூட இல்லாத வாய் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர். இனிப்பைத் தொட்டதில்லை, வெற்றிலை பாக்கு கிடையாது. “வலியே இல்லையே. வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேனே.”

“இது வலிக்காமலே வளர்ற நோய். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததா?”

“வந்தது. அதனால அந்த இடத்துல தேய்க்கறதை விட்டுட்டேன். கல்லுதான் பல்லைப் பிடிச்சு வச்சிருக்குன்னு எங்க சகலை சொல்வார்.”

டாக்டரம்மா கம்பியைத் தட்டில் வைத்தாள். “நல்லாத் தேய்க்க வேண்டிய இடத்தை விட்டுட்டீங்க. அழுக்கு கல்லாயி, ஈறுக்குக் கீழ இறங்கி, பல்லைத் தாங்கற எலும்பு கரைஞ்சிருக்கு. கல்லு பல்லைப் பிடிச்சு வைக்கல சார். பல் ஆடறது வெளிய தெரியாம மறைக்குது, அவ்வளவுதான்.”

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர்வரை சுத்தம் செய்ய வேண்டும். இன்றைக்கு மேல்வரிசை, அடுத்த வாரம் கீழ்வரிசை. ஆறு வாரம் கழித்து மறுபடி அளவு பார்க்க வேண்டும். கரைந்த எலும்பு பழையபடி வளராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றாள். பிறகு சீட்டில் அவர் வேலையைப் பார்த்து, “டிரம்பெட் ஊதும்போது எங்க அழுத்துவீங்க?” என்று கேட்டாள். ஏழு சொன்ன இடத்தையே அவர் விரல் தொட்டது.

“அப்போ நான் சொல்றவரைக்கும் ஊத வேண்டாம்.”

கருவி கரகரவென்று சுரண்டிய முக்கால் மணி நேரமும் அவருக்கு ஒரே நினைப்பு. ஐந்து மாதமாகவே மேல் ஸ்தாயியில் பல் பின்வாங்கி, நாதம் பிசிறியது. பிசிறு வெளியே கேட்கக் கூடாதென்று, அந்த இடம் வரும்போதெல்லாம் டிரம்பெட்டை உதட்டில் வைத்தபடி மூச்சை நிறுத்திவிடுவார். விரல் மட்டும் வாசிக்கும். பக்கத்தில் சகலை தனியாளாக இழுத்துப் பிடிப்பார், இருவர் ஊத வேண்டியது ஒருவர் ஊதினால் மெலிந்துதானே கேட்கும். பேண்டு மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சகலையைப் பார்த்து, “உனக்கு மூச்சு போச்சுய்யா” என்றார். ஒன்றாம் தேதி முதல் சகலைக்கு வாத்தியக் கிடங்கில் துடைக்கிற வேலை. மச்சினி வந்து அழுதபோதும் இவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தார். “என்ன சகல, எடுத்துட்டாங்களா? ஆடுதா?”

பேச வாயெடுத்தால் உதடு தன்னுடையதாக இல்லை. எச்சில்தான் ஒழுகியது. எரிச்சலில் வரவேற்பு மேஜையில் காகிதமும் உறையும் வாங்கி, பேண்டு மாஸ்டருக்கு எழுத உட்கார்ந்தார். ஐயா, பணிவான வணக்கம். ஒன்று, என் ஈறு நோய். இரண்டு, மருத்துவர் சொன்னது. மூன்றாவதில் பேனா நின்றது. உண்மையை எழுதினால் முதல் நாற்காலி போய்விடும். எழுதாவிட்டால் அவருக்கு ஆறு வாரம் விடுப்பு, சகலைக்குக் கிடங்கு.

மனைவி எட்டிப் பார்த்தாள். “பல்வலின்னு லீவு கேட்டா போதாதா?”

அவர் தலையாட்டி மறுத்துவிட்டு மூன்றாவதையும் உள்ளபடியே எழுதினார். அவள் மூன்றாவதைப் படித்து முடித்தாள். தங்கை புருஷனை ஒருமுறை பார்த்தாள்.

உறையின் விளிம்பை நாக்கால் நனைத்தபோது இளஞ்சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிச் சகலையிடம் நீட்டினார்.

“லீவு லெட்டரா? இவ்வளவு கனமா? நான் இப்போ அங்கதான் போறேன், கையோட குடுத்துடறேன்.”

“பிரிச்சிடாதீங்க, நேரா மாஸ்டர் கையில குடுங்க” என்றாள் மனைவி.

சகலை உறையைக் கால்சட்டையின் பின்பையில் செருகி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு மெட்டைச் சீட்டியடித்தபடி வண்டியைக் கிளப்பினார். பின்பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த வெள்ளை முனை, சிக்னலில் வண்டி திரும்பும்வரை ஜன்னல் வழியே தெரிந்தது.